பூதத்தான் காத்த பாஸ்வேர்டு

சுரண்டையில் புத்திசாலிகளுக்குக் குறைச்சலே கிடையாது. மிச்சம் இருந்த மூன்று பேர் சேர்ந்து ஒரு திருமணத் தகவல் மையம் நடத்தினார்கள். மூத்தவர் கோமதிநாயகம், கூட்டாளிகள் இசக்கியப்பனும் பூதத்தானும். மையத்தின் பாஸ்வேர்டுகள் எல்லாம் மறந்துவிடக் கூடாதே என்று வாசல் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள்.

கம்ப்யூட்டர் கடை நவநீதன் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"எல்லாத்தையும் பூட்டி வைக்க பாஸ்வேர்டு மேனேஜர்னு ஒண்ணு இருக்குவே. கிளவுட்ல வச்சா வெளியூர்க் கம்பெனி பாத்துக்கிடும். சொந்த சர்வர்ல வச்சா நீங்களே பாத்துக்கிடணும். திறக்கிறதுக்கு ஒரே ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டு. அதை யார்கிட்டயும் சொல்லாத ஆள் கையில குடுங்க."

உடனே ஆலோசனை கூடியது.

"வெளியூர்க்காரனை நமக்குத் தெரியாது. எப்படி நம்புறது?" என்றான் இசக்கியப்பன்.

"நம்மளை நமக்கு நல்லாத் தெரியுமே. எனக்கு அதுதான் பயமா இருக்கு" என்றார் கோமதிநாயகம். அந்த வருஷத்தில் அங்கே பேசப்பட்ட ஒரே உருப்படியான பேச்சு அது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

சொந்த சர்வரே வந்தது. சுவரில் இருந்த பாஸ்வேர்டுகளை எல்லாம் அதில் ஏற்றிவிட்டுச் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். பார்த்துக்கொள்ளச் சொன்னாரே, மூவரும் முறை வைத்துக் கண் கொட்டாமல் அதையே பார்த்தார்கள். டீக்கடைக்குப் போகும்போது வயரைப் பிடுங்கிக் கையோடு தூக்கிப் போனார்கள். டீக்கடைக்காரர் அதற்கும் ஒரு ஸ்டூல் போட்டார்.

"சரி, வெளிய சொல்லாத ஆள் யாரு?" என்றார் கோமதிநாயகம்.

"பூதத்தான்தான். காலையில என்ன சாப்பிட்டோம்னே அவனுக்கு ஞாபகம் இருக்காது. ஞாபகம் இல்லாததை எப்படிவே சொல்லுவான்?" என்றான் இசக்கியப்பன்.

மறுக்க முடியாத வாதம். மற்ற இருவரும் கண்ணை மூடிக்கொள்ள, பூதத்தான் ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டை வைத்தான். டீ ஆறுவதற்குள் மறந்தும் போனான். பாதுகாப்பு பலமாகிவிட்டது.

மறுநாள் தேவகனி டீச்சர் அரக்கப் பரக்க ஓடிவந்தார்.

"எம்மக வயசு இருபத்தேழுய்யா! உங்க வெப்சைட்ல எழுபத்திரண்டுன்னு கிடக்கு. சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அதைப் பாத்துட்டுத்தான் முடிவு சொல்லுவாங்க. ரெண்டு வருஷம் அலைஞ்சு கிடைச்ச இடம். இப்பவே மாத்துங்க!"

அவர் கண் கலங்கியதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. மூவரும் பூதத்தானின் வாயைப் பார்த்தார்கள். பூதத்தான் கண்ணாடியில் பார்த்தான்.

"எவன் வந்து கேட்டாலும் எங்கிட்ட இருந்து வாங்க முடியாது" என்றான் பெருமையாக.

"எவனாலயும் உள்ள நுழைய முடியாது டீச்சர்" என்றார் கோமதிநாயகம். "நாங்களே காலையில இருந்து முட்டிப் பாத்துட்டோம்."

டீச்சர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அந்நேரம் போன் அடித்தது. எடுத்துப் பேசிய இசக்கியப்பனின் முகம் மலர்ந்தது.

"டீச்சர், கவலையை விடுங்க. வயசை மாத்தவே வேண்டாம்."

"ஏன்யா, மாப்பிள்ளை வீட்ல ஒத்துக்கிட்டாங்களா?"

"அந்த இடம் எதுக்கு? வெப்சைட்டைப் பாத்துட்டுக் கடையநல்லூர்ல இருந்து வேற வரன் வந்திருக்கு. மாப்பிள்ளைக்கு எழுபத்தஞ்சு. பேரப்பிள்ளைகளோட பொண்ணு பாக்கக் கிளம்பிட்டாராம்!"