கருப்புக் கதவு

நான் சொல்றதுல ஒரு எழுத்து பொய்யா இருந்தாலும், இனிமே நான் குடிக்கிற டீயில சக்கரையே இருக்கக் கூடாது. இதுக்கு மேல இன்னாபா சத்தியம் வேணும்?

புதுப்பேட்டைப் பொண்ணு பர்வீன். பத்தொம்பது வயசு. எக்ஸ்போர்ட் கம்பெனியில சட்டைக்குக் காலர் தைக்கிற வேலை. ஆனா அவளுக்குக் காலர்ல எங்க மனசு இருந்துச்சு? ரோட்டுல பழைய கார் போனா, திரும்பிப் பாத்துப் பாத்தே கழுத்து சுளுக்கிக்கும். நாலு பட்டறை ஏறி எறங்கிட்டா. "பொண்ணுக்கு இன்னாம்மா இங்க வேலை?"ன்னு நாலுலயும் ஒரே பாட்டு.

அப்பதான் பழைய கார் சங்கம் ஒரு ஸ்காலர்ஷிப் வச்சுது. ஒரு வருசம் பழைய காரைப் பழுது பாக்கக் கத்துக் குடுப்பாங்க, மாசாமாசம் பணமும் உண்டு. சீட்டு ஒண்ணுதான். "சீட்டு கெடைச்சா போ. இல்லாட்டி மறுபடியும் மிஷின்ல ஒக்காரு"ன்னு வூட்ல சொல்லிட்டாங்க. பர்வீனுக்கு வேற வழி கெடையாது.

சங்கத் தலைவர் மாசிலாமணி. அவரு வூட்டு அம்பாசடரைத்தான் போட்டிக்கு வுட்டாரு. வெண்ணெய்க் கலரு. மைக்கைப் புடிச்சாரு: "எங்க தாத்தா குடும்பத்தோட கோயிலுக்குப் போக ஷோரூம்ல வாங்குன வண்டி இது. ஆளுக்கு ஒரு கதவு தர்றோம். மொத மொத ரோட்டுல எறங்குனப்ப எப்படி இருந்துச்சோ, அப்படியே கொண்டாரணும். யாரு கொண்டாறீங்களோ அவங்களுக்கு சீட்டு!" கைத்தட்டல் காதைக் கிழிச்சுது.

வந்தவங்கள வடிகட்டுனதுல மிச்சம் நின்னது மூணு பேரு. பர்வீன், டில்லிபாபு, அந்தோணி.

பர்வீன் தண்ணியத் தெளிச்சு உப்புத்தாளால தேய்ச்சா. வெண்ணெய்க் கலரு போச்சு. அடியில கருப்பு. இன்னும் ஒரு ஓரத்துல தேய்ச்சுப் பாத்தா, கருப்புக்கு அடியில பெயிண்டுக்கு முன்னாடி பூசுற பிரைமரு, அப்புறம் தகரம். வேற கலரே இல்ல. அப்ப மொதக் கலரே கருப்புதான். கதவு நடுவுல தேய்ச்சா, மஞ்சள்ல மங்கலா நாலு இங்கிலீஷ் எழுத்து. டாக்ஸி.

பக்கத்துக் கதவுல டில்லிக்கும் அதே கருப்பு. மாசிலாமணி எட்டிப் பாத்தாரு. மூஞ்சி வெளுத்துப் போச்சு. ரெண்டு பேரு காதுலயும் குசுகுசுன்னாரு: "சொரண்டுனது போதும். பழையபடி வெண்ணெய்க் கலரையே அடிச்சு மூடுங்க."

அவரு அந்தாண்ட போனதும் டில்லி பிரஷ்ஷைக் கையில எடுத்தான். "ஏ பர்வீனு, இன்னா வேடிக்கை பாத்துனுக்கீற? அடி!"

"மாட்டேன்."

"லூசு! சீட்டு குடுக்கப் போறது அவரு. கதவா குடுக்கப் போவுது?"

"குடுக்காட்டி போறாரு. கதவுல இருக்குறத நான் மூட மாட்டேன்."

அந்தோணி உப்புத்தாளையே தொடல. இருந்த பழைய பெயிண்டை மெழுகு போட்டுத் தொடைச்சான், அவ்ளோதான். "இத்தினி வருசமா அந்த வூட்டு ஜனம் பாத்த கலரு. அத்தச் சொரண்ட நான் யாரு?"ன்னான். அதுவும் ஒரு நியாயந்தான், இல்லேங்கல.

கடைசி நாள். சங்கமே கூடி நிக்குது. டில்லி கதவு புதுசா அடிச்ச வெண்ணெய்க் கலர்ல பளபளங்குது. அந்தோணி கதவு அதே பழைய கலர்ல அடக்கமா நிக்குது. பர்வீன் தன் கதவை மூடியிருந்த துணிய உருவுனா. கன்னங்கரேல்னு கதவு! நடுவுல மஞ்சள் எழுத்து!

"ஏம்மா, நான் உன் காதுல இன்னா சொன்னேன்?" மாசிலாமணி பல்லைக் கடிச்சாரு.

"நீங்க ஒண்ணு சொன்னீங்க சார், கதவு ஒண்ணு சொல்லுச்சு. கதவுக்குத்தான் பொய் சொல்லத் தெரியல."

"இது என் வண்டி!"

"உங்க வண்டிதான். நான் இன்னா ஓட்டினு போயிட்டேனா?"

"எங்க வூட்டு வண்டி டாக்ஸின்னு ஊரே சிரிக்கணுமா?"

"டாக்ஸி ஓட்டுனா இன்னா சார்? வழிப்பறியா பண்ணாங்க?"

கூட்டத்துல நாலு பேரு சிரிப்பை அடக்க முடியாம இருமுனாங்க. வர்ற திங்கக்கெழமை காலர் மிஷின்ல ஒக்காந்திருப்போமோன்னு பர்வீனுக்குப் பயந்தான். ஆனா தலைய மட்டும் குனியல.

இப்ப சொல்லுங்கபா. வண்டிக்காரரு சொன்னபடி மூடுனான் டில்லி. அந்த வூட்டு ஜனம் பாத்த கலரைத் தொடாம வச்சான் அந்தோணி. அடியில இருந்ததை வெளிய கொண்டாந்தா பர்வீன். மூணு பேருல யாரு செஞ்சது சரி? சீட்டு யாருக்கு?

தெரியலையா? கேளுங்கபா. நாளைக்கு மாசிலாமணி துட்டு குடுத்துப் பெயிண்ட் அடிக்கச் சொன்னா, டில்லி செஞ்சது சரி. அவரு வண்டி, அவரு இஷ்டம். பழசை அப்படியே காப்பாத்துன்னு சொல்லியிருந்தா அந்தோணி செஞ்சது சரி. ஆனா இது போட்டி. மொத நாளு எப்படி இருந்துச்சோ அப்படின்னு ஊரறிய மைக்ல சொல்லிட்டு, காதுல வந்து மாத்துனா செல்லுமா? அந்தப் பேச்சுக்கு ஒழுங்கா நடந்தது பர்வீன் ஒருத்திதான். மைக்ல சொன்னதைச் சங்கமே கேட்டிருக்கு, மாசிலாமணி எங்க ஓட முடியும்? கஷாயம் குடிச்ச மூஞ்சியோட சீட்டைக் குடுத்தாரு. அவளும் "தேங்க்ஸ் சார்"னு ஈன்னு பல்லக் காட்டி வாங்கிக்கினா.

சரி, சும்மாவா கத்துனேன் இவ்ளோ நேரம்? கதை சொன்னதுக்கு ஒரு பிளேட் பிரியாணி எடுத்துனு வாங்கபா. மேல சோத்தைப் போட்டு அடியில வெறும் எலும்பை வச்சீங்கன்னா, சொரண்டிப் பாத்துருவேன், ஆமா!