பொட்டழகி கோத்த மணிமாலை

காட்டோரத்துக் குட்டை ஒன்றில் பொட்டழகி என்ற நீர்க்கோழி இருந்தாள். உடம்பெல்லாம் கறுப்பு. நெற்றியில் மட்டும் குங்குமம் அப்பியதுபோல் பளிச்சென்று ஒரு சிவப்பு. அவள் தண்ணீரில் இறங்கினால் போதும், "பொட்டழகி வர்றா பாரு!" என்று தவளைகள் கத்தும். அந்தச் சத்தத்தைக் கேட்டால்தான் அவளுக்குப் புழு தொண்டையில் இறங்கும்.

ஒருநாள் காலையில் தவளைகள் வழக்கம்போலக் கத்தின. ஆனால் பெயர் மாறியிருந்தது.

"வெள்ளையம்மா கழுத்தைப் பாருங்க! அடேயப்பா, என்ன அழகு!"

வெள்ளையம்மா அதே குட்டையில் மீன் பிடிக்கும் கொக்கு. அவளுடைய நீண்ட கழுத்தில் ஒரு குன்றிமணி மாலை தொங்கியது. மாலையின் நடுவில் ஒரு சிப்பிப் பதக்கம். வெயில் பட்டதும் அது மின்னியது.

பொட்டழகிக்கு வயிறு எரிந்தது. "நேத்துவரைக்கும் இவ ஒத்தைக் கால்ல நின்னா யாரும் திரும்பிக்கூடப் பார்க்கல. இன்னைக்கு மகாராணி ஆயிட்டாளாக்கும்!" என்று முணுமுணுத்தாள். ஆனால் வெள்ளையம்மாவின் முன்னால் போய் நின்றதும் அப்படி ஒரு சிரிப்பு! பல் இருந்திருந்தால் அத்தனையையும் காட்டியிருப்பாள்.

"அக்கா, மாலை எந்தச் சந்தையில வாங்கினது?"

"சந்தையா? வீட்டிலேயே கோத்ததுடி!" என்றாள் வெள்ளையம்மா. அவளுக்கு ஒளிக்கத் தெரியாது. "குன்றிமணியை நல்லா ஊறப் போடணும். இல்லேன்னா ஓட்டை விழாது. முள்ளம்பன்றி உதிர்த்த முள்ளு கிடக்கும் பாரு, அதால குத்திக் கற்றாழைக் கயித்துல கோக்கணும். சிப்பியைப் பாறையில தேய்ச்சா பதக்கம் ரெடி. ஆனா ஒண்ணு. முதல்ல கயித்தை உன் கழுத்துல சுத்திப் பார்த்து அளவெடுத்துக்கோ. அதை மட்டும் மறந்துடாதே!"

பொட்டழகி தலையாட்டினாள். உள்ளுக்குள் வேறு கணக்கு ஓடியது.

'என் கழுத்தோ குட்டை. அதற்கு அளந்தால் மாலை ஒரு சாண்கூட வராது. என் மாலை அவள் மாலையைவிடச் சின்னதாக இருக்க வேண்டும் என்றுதானே இப்படிச் சொல்லிக்கொடுக்கிறாள், கள்ளி!'

மத்தியானம் வெள்ளையம்மா ஒற்றைக் காலில் நின்றபடியே கண்ணயர்ந்தாள். பொட்டழகி பூனைபோல் கிட்டே போனாள். கொக்கின் மாலையோடு தன் கயிற்றை ஒட்டிப் பிடித்து அளந்தாள். அதற்குமேல் இன்னும் ஒரு முழம் சேர்த்துக்கொண்டாள்.

பிறகு வீட்டில் உட்கார்ந்து கோக்கத் தொடங்கினாள். மணியின் சிவப்பை அவள் ஒருமுறைகூட ரசிக்கவில்லை. "இது அவளைவிட ஒண்ணு கூட! இது இன்னும் ஒண்ணு கூட!" என்று சொல்லிச் சொல்லித்தான் கோத்தாள். பதக்கத்துக்கும் குட்டையிலேயே பெரிய சிப்பியைத் தேடி எடுத்துத் தேய்த்தாள்.

மாலையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அது கழுத்திலிருந்து இறங்கி, வயிற்றைத் தாண்டி, காலுக்கு நடுவில் தரையில் இழுபட்டது. நாலடி நடப்பதற்குள் இரண்டு தடவை தடுக்கினாள்.

கரையில் படுத்திருந்த ஆமை கேட்டது: "ஏம்மா, இது கழுத்துக்குப் போட்டதா, காலுக்குப் போட்டதா?"

"உனக்குப் பொறாமை!" என்றாள் பொட்டழகி.

தவளைகள் "பொட்டழகி! பொட்டழகி!" என்று கத்தின. கேலியா, பாராட்டா என்று அவள் பார்க்கவில்லை. வெள்ளையம்மா பார்க்கிறாளா என்றுதான் பார்த்தாள்.

அப்போது புதர் அசைந்தது. நரி!

தவளைகள் தண்ணீருக்குள் குதித்தன. ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டது. வெள்ளையம்மா மேலே பறந்தாள். பொட்டழகி கோரைப் புல்லுக்குள் ஓடினாள். அவள் கறுப்பு உடம்பு அங்கே புகுந்துவிட்டால் எந்த நரிக்கும் தெரியாது. ஆனால் நீள மாலை கோரை வேரில் சிக்கிக்கொண்டது. அவள் இழுக்க இழுக்க, அது கழுத்தை இறுக்கியது. பதக்கம் வேறு வெயிலில் பளபளத்தது.

"கோரைக்குள்ள என்னவோ மின்னுதே!" என்று நரி மெல்ல நெருங்கியது.

வெள்ளையம்மா மேலிருந்து பார்த்துவிட்டாள். சரேலென்று இறங்கினாள்.

"அசையாம இரு! கயித்தை அறுத்துடுறேன்!"

"தொடாதே!" மூச்சுத் திணறும்போதும் பொட்டழகி சீறினாள். "உன் மாலையைவிட என்னுது நீளம்! அது பொறுக்காமத்தானே அறுக்க வந்தே?"

"அடி பைத்தியமே! நரி வருதுடி!"

நரியின் மூச்சு வாலில் சுட்டது. அப்புறம்தான் அவளுக்கு உயிர் மாலையைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

"அறுத்துடு அக்கா! சீக்கிரம்!"

ஒரே கொத்து. கயிறு அறுந்தது. மணிகள் சேற்றில் சிதறின. பதக்கம் தண்ணீரில் முழுகியது. வெள்ளையம்மா மேலே எழும்பினாள்; பொட்டழகி குட்டைக்குள் பாய்ந்தாள். நரியின் வாயில் அவளுடைய வால் இறகுகள் மட்டும் மிஞ்சின. அது துப்பிவிட்டுப் போய்விட்டது.

வெள்ளையம்மா கீழே இறங்கி, சேற்றில் கிடந்த மணிகளில் கைக்கு அகப்பட்டதை எல்லாம்... இல்லை, அலகுக்கு அகப்பட்டதை எல்லாம் பொறுக்கினாள். அறுந்த கயிற்றில் ஒரு துண்டை எடுத்தாள்.

"கிட்ட வா, கழுத்தைக் காட்டு."

பொட்டழகியின் குட்டைக் கழுத்தைச் சுற்றி அளந்து, அதற்கேற்ப மணிகளைக் கோத்துக் கட்டினாள். சின்ன மாலைதான். நெற்றிச் சிவப்புக்கும் மணியின் சிவப்புக்கும் அத்தனை பொருத்தம்!

"நீ முதல்லேயே சொன்னியே அக்கா. நான்தான் உன்னை நம்பல" என்று பொட்டழகி அழுதாள்.

"பொட்டழகி வாலைப் பாருங்க!" என்று தவளைகள் சிரித்தன. அந்த நேரத்திலும் அவள் கண் வெள்ளையம்மாவின் முழு வாலுக்குத்தான் முதலில் போனது. பிறகு வெட்கப்பட்டு, தண்ணீரில் தெரிந்த தன் கழுத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

அடுத்தவர் கழுத்துக்கு அளந்து நாம் போட்டுக்கொள்ளும் மாலை, கடைசியில் நம் கழுத்தைத்தான் இறுக்கும்.