இலை போட்டுப் பிடித்த இடம்

ஐப்பசி ஒன்பதாம் தேதி காலை ஆறு மணிக்கு, பதினொரு விலங்குகள் நின்ற வரிசையின் கடைசியில் மருதி என்ற நீர்நாய் நின்றது.

ஆற்றங்கரைக் காட்டில் மனிதர்கள் விட்டுப்போன ஒரு காவல் குடிசையின் வாசலில் இருந்தது அந்த வரிசை. உள்ளே ஒரு பழைய கணினி இருந்தது. சடையன் என்ற முள்ளம்பன்றி அதைப் பார்த்துக்கொண்டது.

மருதிக்கு இரண்டு நிரல்கள் சேர்ந்து ஓட வேண்டும். ஒன்று ஆற்றின் நீர்மட்டத்தைக் காட்டும். மற்றது, மட்டம் ஏறினால் சங்கு ஊதும். மருதியின் மூன்று குட்டிகள் கரையோர வளையில் இருந்தன. அவற்றுக்கு இன்னும் நீந்தத் தெரியாது. மலையில் மழை பிடித்துக்கொண்டது.

மருதியின் முறை வந்தது. முதல் நிரல் ஓடியது. இரண்டாவது திறக்கவில்லை. நினைவகத்தில் இடமில்லை என்று திரையில் எழுத்து வந்தது.

இதைத் தூக்கி ஆற்றில் போட்டுவிட்டுப் புதிது கொண்டுவரலாம் என்றது கொப்பன் என்ற கருமந்தி. எங்கிருந்து, யார் கொண்டுவருவது என்று அது சொல்லவில்லை.

சடையன் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பட்டியலை வரவழைத்தது. மருதியுடையதைத் தவிர இன்னும் பன்னிரண்டு இருந்தன. ஒருவரும் எதையும் மூடவில்லை. ஓரமாகத் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். குட்டையில் இலை போட்டு இடம் பிடிப்பது அந்தக் காட்டு வழக்கம். கணினியிலும் அதையே செய்தார்கள். மூடினால் முறை போய்விடும், எழுதி வைத்ததும் அழிந்துவிடும் என்று பயம்.

கொப்பனின் பழமரப் பட்டியல் சித்திரையிலிருந்து திறந்தே கிடந்தது. அதை மூட விடமாட்டேன் என்றது கொப்பன்.

"அண்ணே, உங்க இலை உட்கார்ந்திருக்கு. என் பிள்ளைங்க தண்ணியில நிக்கணுமா?" என்றது மருதி.

"நூத்தி நாப்பத்து மூணு மரம். அழிஞ்சா நீ ஏறி எண்ணித் தருவியா?"

மருதிக்கு மரம் ஏறத் தெரியாது.

சடையன் தொண்டையைச் செருமியது. பன்னிரண்டில் முதலாவது அதனுடைய சீட்டாட்டம்தான். கூச்சத்தோடு அதை ஒப்புக்கொண்டு, எல்லோர் முன்னாலும் மூடியது. பிறகு கொப்பனின் பட்டியலைச் சேமித்தது, மூடியது, மறுபடி திறந்து காட்டியது.

கொப்பன் ஒவ்வொரு மரமாக எண்ணியது. மருதி ஆற்றையே பார்த்துக்கொண்டு காத்திருந்தது. நூற்று நாற்பத்து மூன்றும் இருந்தன.

"சரி, மூடு," என்றது கொப்பன். "அந்த மயிலோட நடனப் படத்தையும் மூடு. ஒரு மாசமா ஒரே ஆட்டம்."

வரிசையில் நின்ற மயில் முறைத்தது. ஆனாலும் மறுக்கவில்லை. மற்றவையும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நீர்மட்டமும் சங்கும் சேர்ந்தே ஓடின. கணினி கொஞ்சம் இரைந்தது; நிற்கவில்லை.

தனக்கு வேலையில்லாத இடத்தை அவரவர் விட்டுக்கொடுத்தால், இருக்கிற கொஞ்ச இடமே எல்லோருக்கும் போதும்.

ஐப்பசி பதினேழாம் தேதி பகல் பதினொரு மணிக்குச் சங்கு ஊதியது. பன்னிரண்டரைக்கு ஆறு கரை புரண்டபோது வளை காலியாக இருந்தது, மருதியும் மூன்று குட்டிகளும் மேட்டில் இருந்தன.