யாரும் கூப்பிடாத மெத்தட்

"யாருமே கூப்பிடாத ஒண்ணை அழிச்சா, அது குத்தமா மேடம்?" என்று கேட்டார் தவசிமணி.

நிஷா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யாருமே கூப்பிடலைன்னு யாரு சொன்னா அண்ணாச்சி?"

"எடிட்டர் சொல்லிச்சு."

"எடிட்டர் கிட்ட கேட்டீங்க. சரி. புரோகிராம் கிட்ட கேட்டீங்களா?"

அவளிடம் சந்தேகம் கேட்டு நேரான பதில் வாங்கியவர் அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஒருவரும் கிடையாது. தவசிமணிக்கு வயது நாற்பத்தொன்பது. வரவேற்பில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த மனிதர், ஆசைப்பட்டு, முப்பத்திரண்டு வயதுக்காரியிடம் புரோகிராம் எழுதப் படிக்க வந்து மூன்று வருஷமாகிறது. அண்ணாச்சி குருகுலத்தில் இருக்கிறார் என்று லேபில் எல்லாரும் கிண்டல் செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

பதினோரு நாளைக்கு முன்பு அவர் பழைய புரோகிராமைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தார். சுத்தம் என்றால் அவருக்குக் கை அரிக்கும். 'இன்ஃபார்ம்ஹோம்' என்று ஒரு மெத்தட், அதாவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்து தரும் புரோகிராம் துண்டு, சாம்பல் நிறத்தில் கிடந்தது. பக்கத்திலேயே, பயன்பாடு பூஜ்யம் என்று, புரோகிராம் எழுத உதவும் எடிட்டர் மென்பொருள் எழுதிக் காட்டியது. நோயாளியின் வீட்டுக்குப் போன் போட்டு, பதிவு செய்த குரலில் எச்சரிக்கை சொல்லும் மெத்தட் அது. அந்த வேலையை இப்போது வேறு ஏதோ ஒன்று பார்க்கிறது போலும் என்று நினைத்து அழித்தார். எழுதியதில் பிழை பார்க்கும் கம்பைலர் முனகக்கூட இல்லை. புரோகிராமைச் சரிபார்க்கும் இருநூற்றுப் பத்துச் சோதனைகளும் பச்சை காட்டின. அன்று சாயங்காலம் அரைக் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார், பாவம்.

இன்று காலை ஒருவர் லேபுக்கு வந்து கத்திவிட்டுப் போனார். அவருடைய அம்மாவுக்கு ரத்தத்தில் பொட்டாசியம், இதயத்தையே நிறுத்திவிடும் அளவுக்கு ஏறியிருந்திருக்கிறது. லேபிலிருந்து ஒரு போன் இல்லை. அந்த அம்மா ஐசியூவில் கிடந்து பிழைத்து வந்தார்.

"எந்த வரியிலயும் அதைக் கூப்பிடலை மேடம். நான் தேடிப் பார்த்துட்டுத்தான் அழிச்சேன்."

நிஷா டேட்டாபேஸைத் திறந்து ஓர் அட்டவணையைக் காட்டினாள். பொட்டாசியம் வரம்பு மீறினால் என்ற கட்டத்துக்கு எதிரே, வெறும் சொல்லாக, 'இன்ஃபார்ம்ஹோம்' என்று எழுதியிருந்தது.

புரோகிராம் ஓடும்போது அந்தச் சொல்லைப் படிக்கும். மெத்தட்களை அடக்கி வைத்திருக்கும் ஆப்ஜெக்டுக்குள் எட்டிப் பார்த்து, இந்தப் பேரில் இங்கே யாராவது உண்டா என்று தேடும். இருந்தால் கூப்பிடும். ரிஃப்ளெக்‌ஷன் என்று சொல்வார்கள். ஒரு சீட்டில் பேரை எழுதி வைத்துக்கொண்டு, நேரம் வந்ததும் வாசலில் நின்று கூப்பிடுவது மாதிரி. சீட்டு இருப்பது எடிட்டருக்குத் தெரியாது. தவசிமணிக்கும் தெரியாது.

"அப்ப இனிமே ரிஃப்ளெக்‌ஷனே கூடாதுன்னு ஒரு விதி போட்டுருவோம்."

"போடலாம்."

"பேரு இல்லைன்னா புரோகிராம் கத்தியிருக்கணுமே மேடம்? ஏன் கத்தலை?"

நிஷா இன்னொரு கோப்பைத் திறந்தாள். அங்கே பிழை வந்தால் பிடிக்க ஓர் இடம் இருந்தது. பிடித்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று எழுத வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. வந்த பிழையை வாயைப் பொத்தி அனுப்பிவிட்டிருக்கிறார்கள்.

தவசிமணிக்கு ஆத்திரம் பொங்கியது. "எந்தப் பாவி எழுதினது இது?"

அவள் கோப்பின் முதல் வரியில் விரலை வைத்தாள். எழுதியவர் பெயர் அங்கே இருந்தது. ரஹ்மத் நிஷா.

"ஆறு வருஷம் ஆச்சு. டெமோ அன்னைக்கு சிவப்பு எழுத்து வந்துரக் கூடாதுன்னு வாயைக் கட்டினேன். மறுநாள் அவுத்துவிட்டுக்கலாம்னு இருந்தேன்."



அழித்த மெத்தட்டை அவள் மீட்டு வைத்தாள். அட்டவணையில் உள்ள ஒவ்வொரு பேரும் உள்ளே உண்டா என்று புரோகிராம் தொடங்கும்போதே பார்க்கவும், ஒன்று குறைந்தாலும் தொடங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கவும் பதினைந்து வரி எழுதினாள். பிழையின் வாய்க்கட்டையும் அவிழ்த்துவிட்டாள். முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

தவசிமணி பெருமூச்சு விட்டார். "தீர்ந்துச்சு."

"என்ன தீர்ந்துச்சு?"

பிரிண்டரிலிருந்து ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பதினேழு பேர், பதினேழு போன் நம்பர்.

"இந்தப் பதினோரு நாள்ல மெஷின் கூப்பிடாம விட்டவங்க. நம்ம லேப் டாக்டர் உடனே கூப்பிடச் சொல்லிட்டாங்க. டாக்டர் பக்கத்து ரூம்லதான் இருக்காங்க. யாருக்காவது முடியலைன்னா லைனை அவங்களுக்குக் கொடுத்துருங்க."

"நானா? நான் என்னன்னு பேசுவேன் மேடம்?"

"பேரைச் சொல்லிக் கேளுங்க. இருக்காங்களான்னு பாருங்க. இருந்தா விஷயத்தைச் சொல்லுங்க."

"இல்லைன்னா?"

நிஷா நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முதல் ஆள் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். காது கிழிய ஏசினார். ஏசுகிற அளவுக்குத் தெம்பாக இருக்கிறாரே என்று தவசிமணிக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டாவது அம்மாள் டயாலிசிஸில் இருந்தார். மூன்றாவது ஆளுக்குக் கை நடுக்கம் என்றதும் லைன் டாக்டருக்குப் போனது, அங்கிருந்தே ஆம்புலன்ஸும் போனது. ஒவ்வொருவரிடமும் தவசிமணி, லேபிலிருந்து பேசுகிறோம் என்றுதான் தொடங்கினார்; தன் பேரைச் சொல்லவில்லை. ஒவ்வொரு பேருக்கும் ஒரு டிக் போட்டார். பத்துப் பேர் தாண்டியதும் உள்ளுக்குள் கொஞ்சம் தைரியம்கூட வந்தது.

பன்னிரண்டாவது பேர் இசக்கியப்பன். மணி அடித்தவுடனே எடுத்துவிட்டார்கள். ஒரு பெண் குரல்.

"வணக்கம்மா, லேப்ல இருந்து பேசுறோம். இசக்கியப்பன் சார் இருக்காங்களா?"

"அவுக போயி இன்னையோட ஆறு நாளாச்சு."

தவசிமணி பேனாவைக் கீழே வைத்தார்.

"காலு மரத்துப் போச்சு, நெஞ்சு படபடன்னு வருதுன்னாக. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு நான் மல்லுக்கட்டினேன். கேக்கலையே. ஏதாவதுன்னா லேப்ல இருந்து அவங்களே கூப்பிடுவாங்க, போன் வரலைல்லா, அப்ப ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாக. தலைமாட்டுலயே போனை வச்சுக்கிட்டுப் படுத்தாக."

நிஷாவுக்கு அந்தக் குரல் முழுக்கக் கேட்டது. அவள் அழுதுகொண்டிருந்தாள். அவள் அழுது தவசிமணி பார்த்ததே இல்லை.

"ஆமா, நீங்க இப்ப எதுக்குக் கூப்பிட்டீக?"

போனை வாங்கிக்கொள்ள நிஷா கையை நீட்டினாள்.

தவசிமணி கொடுக்கவில்லை.

"அம்மா, என் பேரு தவசிமணி" என்றார்.