இலைக்கடியில் பலகை

மில் மூடி இருபது வருஷம் ஆகிறது. அதன் பழைய கேன்டீனில் வடிவாம்பிகை அம்மா தினமும் மத்தியானம் வந்தவர்களுக்கெல்லாம் சோறு போடுகிறார். அம்மா என்றால் வயதானவர் இல்லை, நாற்பதுதான். நகராட்சி இன்ஜினியர் அருளாளனுக்கு ஐம்பத்தேழு. இருந்தாலும் சிஷ்யர் இவர்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் வருவார், கேள்வி கேட்பார், நேரான பதில் கிடைக்காமல் எரிச்சலோடு வீடு திரும்புவார்.

அன்றைக்கு வரும்போதே எரிச்சல். ஒவ்வொரு ஐப்பசியிலும் மில் தொழிலாளிகளின் லைன் வீடுகளுக்குள் முழங்கால் தண்ணீர். போன வருஷம் ஒரு கைக்குழந்தையைத் தொட்டிலோடு உத்தரத்தில் ஏற்றிக் கட்டித்தான் காப்பாற்றினார்கள். அந்தத் தெருவின் புது ரோட்டுக்கு மறுநாள் இவர் கையெழுத்துப் போட வேண்டும்.

"வெள்ளத்துக்கு என்னதாம்மா வழி? இந்தத் தடவையாவது நேராச் சொல்லுங்க."

"ரோட்டை என்ன பண்றீங்க?"

"பழைய தார் மேலேயே ஒரு அடி உயர்த்திப் போடறோம். மில் இடத்துல வந்த அடுக்குமாடிக்காரங்க, கார் தண்ணியில நிக்குதுன்னு ஒரே புலம்பல்."

"பழசைச் சுரண்டி எடுத்துட்டுப் போடக்கூடாதா?"

"அதுக்கெல்லாம் யாருக்கும்மா நேரம்? எப்பவும் இப்படித்தான் போடறது."

"லைன் வீட்டுக்குள்ள போகப் படி ஏறணுமா, இறங்கணுமா?"

"முன்னே மூணு படி ஏறணும். இப்ப ரெண்டு படி இறங்கணும். ஐயோ, தெரிஞ்சதையே கேட்டா எப்படி?"

"சரி, சாப்பிட உட்காருங்க."

அம்மா தரையில் இரண்டு இலையை ஒட்டி ஒட்டிப் போட்டார். இன்ஜினியர் இலையில் சோறு வைத்தார். தன் இலைக்கடியில் மட்டும் ஒரு பலகையைச் செருகினார். பிறகு ரசத்தை எடுத்துத் தன் இலையிலேயே கரண்டி கரண்டியாக ஊற்றினார். அது விறுவிறுவென்று இன்ஜினியர் இலைக்கு ஓடியது. சோற்றை அடித்துக்கொண்டு போய் அவர் வேட்டியை நனைத்தது.

"அட, என்னம்மா இது! சோறெல்லாம் போச்சு!"

"என் இலையைப் பாருங்க. ஒரு சொட்டு நிக்கலை. வேலை பிரமாதம்!"

அருளாளனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் கோபம் இன்னும் ஏறியது.

"அதுக்காக நாற்பத்திரண்டு லைன் வீட்டையும் நான் எப்படித் தூக்கி நிறுத்தறது? நடக்கிற காரியமா, சொல்லுங்க!"

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். தன் இலைக்கடியிலிருந்து பலகையை உருவி அவர் மடியில் வைத்தார்.

"இன்ஜினியர், உங்க இலையை யாரு தூக்கச் சொன்னா?"