தோசைக்கு முன்னால ஒரு கணக்கு

தலைகாணியை இந்தப் பக்கம் தள்ளு, தங்கம். காலை ஆட்டாதே. நடுநடுவுல "ம்" போடணும். போடலைன்னா கதை நின்னுடும், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு சைக்கிள் கடைக்காரர் இருந்தாரு. பேரு பொன்னுரங்கம். அவருக்கு ஒரே பொண்ணு, பூவிழி, மூணாவது படிக்கிறவ. அவங்கம்மாவுக்கு மில்லுல மத்தியான ஷிப்டு, வீடு வந்து சேர நேரமாயிடும். அதனால சாயங்காலம் ஆனா கடையைச் சாத்திட்டு, கையில இருக்கிற கிரீஸைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவிட்டு, மகளுக்குத் தோசை சுட அடுப்புகிட்ட நின்னுடுவாரு பொன்னுரங்கம்.

ம் சொல்லு.

அந்தப் பொண்ணுக்கு மத்த படிப்பெல்லாம் நல்லா வரும், கணக்கு மட்டும் மண்டையில ஏறாது. டீச்சர் இவரைக் கூப்பிட்டு, "வீட்டுல தினம் கொஞ்ச நேரம் கூட்டல், வாய்ப்பாடு கேளுங்க. விளையாட்டு மாதிரி இருக்கட்டும்"னு சொன்னாங்க. வாய்ப்பாடுன்னதும் பொன்னுரங்கத்துக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்துடுச்சு. அவரு சின்னப் பையனா இருந்தப்போ, தப்பாச் சொன்னா அவங்கப்பா பழைய சைக்கிள் டியூபால பட்டு பட்டுனு முதுகுல போடுவாரு. அப்பவே மனசுக்குள்ள சத்தியம் பண்ணிக்கிட்டாரு, என் பிள்ளை மேல நான் கை வைக்கவே மாட்டேன்னு. அந்தச் சத்தியத்தை அவரு காப்பாத்துனாரு. அதையும் சொல்லிடணும்.

அப்புறம் ஒரு நாள், கல்லுல மாவை ஊத்தும்போதே அவருக்கு ஒரு யோசனை வந்துச்சு. சொய்ங்ங்... "எட்டும் அஞ்சும் எவ்வளவு கண்ணு?" "பதிமூணு!" தோசை தொப்புனு தட்டுல விழுந்துச்சு. "ஒம்போதும் ஏழும்?" "பதினாறு!" தொப்பு. ரெண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு. அவளும் திருப்பிக் கேப்பா. இவரு வேணும்னே தப்பாச் சொல்லிட்டு, "அய்யய்யோ, இன்னிக்கு எனக்குத் தோசை கிடையாதா!"ன்னு வாயைப் பொத்திக்குவாரு. நல்ல விளையாட்டுதான். அத்தோட விட்டிருக்கலாம் மனுஷன்.

விடலையே! அப்புறம் வாய்ப்பாடு வந்துச்சு. நாலாம் வாய்ப்பாட்டுல அவ திருதிருன்னு முழிச்சா. அப்போ இவரு தோசையைக் கரண்டியிலயே வச்சுக்கிட்டு நின்னாரு. "சொல்லு, அப்புறம் போடறேன்." அவ விரலை மடக்கி மடக்கி எண்ணிச் சொல்றதுக்குள்ள தோசை ஆறி வறட்டி மாதிரி ஆயிடுச்சு. அவ அதைப் பிச்சுத் தின்னா. ஆனா திருப்பிக் கேக்கறதை அன்னியோட விட்டுட்டா. இவரு அதைக் கவனிக்கல. பஞ்சர் ஒட்ட வர்றவங்ககிட்ட எல்லாம், "ஒரு அடி கிடையாது, ஒரு திட்டு கிடையாது, எம்பொண்ணு எப்படிக் கத்துக்கிறா தெரியுமா!"ன்னு ஒரே பெருமை.

தூங்கிட்டியா? ம்... சரி, கேளு.

அப்புறம் ஏழாம் வாய்ப்பாடு. "ஏழெட்டு எவ்வளவு?" "அம்பத்திமூணு." "ம்ஹூம்." "நாப்பத்தெட்டு." "நல்லா யோசிச்சுச் சொல்லு." பசிச்ச வயிறு யோசிக்குமா, நீயே சொல்லு! கல்லு புகைஞ்சு, தோசை கருகி, வீடெல்லாம் தீஞ்ச வாடை. அவ காலித் தட்டைக் கழுவிக் கவுத்து வச்சா. "எனக்குப் பசிக்கலப்பா"ன்னுட்டுப் போய்ப் படுத்துக்கிட்டா. இவருக்கும் அன்னிக்குச் சோறு இறங்கல. ஆனாலும் போய் எழுப்பல. ஒரு வேளை சாப்பிடலைன்னா ஒண்ணும் ஆயிடாது, நாம என்ன அடிச்சோமான்னு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கிட்டாரு.

மறுநாள் காலையில பார்த்தா, ஏழாம் வாய்ப்பாட்டைத் தடதடதடன்னு ரயிலு மாதிரி ஒப்பிச்சுட்டா பூவிழி. எட்டு, ஒம்போதுன்னு அடுத்தடுத்து எல்லாம் வந்துச்சு. பரீட்சையில நல்ல மார்க்கு. டீச்சர் வகுப்பையே கைதட்டச் சொன்னாங்க. பொன்னுரங்கத்துக்குத் தலைகால் புரியல. இனிமே எதுக்குக் கேக்கணும்னு கேக்கறதையும் நிறுத்திட்டாரு.

அப்புறம் மழைக்காலத்துல ஒரு நாள் அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல். உடம்பு அனலாக் கொதிக்குது. இவரு கடையைத் திறக்கல. கஞ்சி வச்சு, உஃப் உஃப்னு ஊதி ஆத்தி, ஸ்பூனை வாய்கிட்ட கொண்டு போனாரு. "ஆ காட்டு கண்ணு." அவ வாயைத் திறக்கல. கண்ணைக்கூட முழிக்காம, முனகிக்கிட்டே, "ஆறொம்போது அம்பத்திநாலு"ன்னா. அப்புறம் கேட்டா, "சரியாப்பா? இப்பக் குடிக்கலாமா?"

அவரு ஸ்பூனைக் கிண்ணத்துல வச்சுட்டாரு தங்கம். "கணக்கெல்லாம் வேண்டாம் கண்ணு. இது உன் கஞ்சி, சும்மாவே குடி." "தப்பாச் சொல்லிட்டேனாப்பா?" "இல்லம்மா, இல்லம்மா..." எம்பொண்ணு இத்தனை நாளா எங்கையால பயந்துக்கிட்டே சாப்பிட்டிருக்காளேன்னு நினைச்சு, பின்பக்கம் போய் முகத்தை மூடிக்கிட்டு அழுதாரு. அழுது என்ன பண்றது?

அப்புறம் காய்ச்சல் விட்டுச்சு. அவரு நெய் ஊத்தி முறுகலா முறுகலாச் சுட்டுப் போட்டாரு. ஒரு கேள்வி கேக்கல. ஆனா தட்டை நீட்டும்போது அவ உதடு அசையும். சத்தம் வராது. "வேண்டாம் கண்ணு"ன்னா, "சரிப்பா"ன்னு தலையாட்டுவா. மறுபடி தட்டை நீட்டுவா, மறுபடி உதடு அசையும்.

என்ன கேக்கற? அப்புறம் சரியாயிடுச்சாவா?

அம்மா போட்டாச் சரியாத்தான் இருப்பா தங்கம். ஞாயித்துக்கிழமை மில்லு லீவு. அவங்கம்மா சுட்டுப் போட, ஸ்கூல் கதை, தோழி கதைன்னு கலகலன்னு பேசிக்கிட்டே தின்னுவா. அப்பாவைப் பார்த்தாத்தான் அந்தப் பேச்சு நிக்கும். அதனால அன்னிக்கு மட்டும் பொன்னுரங்கம் அடுப்படிப் பக்கமே வரமாட்டாரு. வாசப்படியில உக்காந்துக்கிட்டு, உள்ள மக பேசுறதைக் கேட்டுக்கிட்டே இருப்பாரு.

அவ்வளவுதான். கதை படுத்துடுச்சு, நீயும் படு. கண்ணை மூடு தங்கம்.