கம்பு எட்டும் தூரம்

இந்தக் கதையைச் சரியாகச் சொல்லி முடிப்பேனா என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு ஆடு, ஒரு நரி, ஒரு மேய்ப்பர். பெரிய கதை ஒன்றும் இல்லை. ஆனால் இதில் நரி பேசுவதில் பாதி உண்மை. நான் எங்கேயாவது பிசகிச் சொல்லிவிட்டால் கேட்கிற பிள்ளைகள் நரி பக்கம் போய்விடுவார்கள். அதனால் மெதுவாகவே சொல்கிறேன். நீங்களும் பாதியில் எழுந்து போய்விடாதீர்கள். பாதியில் போனால் நரி சொன்னது மட்டும்தான் மனசில் நிற்கும்.

அது மழை பொய்த்த வருஷம். கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அந்தக் காட்டில் ஒரு செம்மறி மந்தை மேய்ந்துகொண்டிருந்தது. மந்தையில் பொறிச்சி என்று ஒரு ஆடு. வெள்ளை உடம்பில் செம்புள்ளிகள் தெறித்த மாதிரி இருக்கும். அதனால் அந்தப் பெயர். அதற்கு ஒரே ஒரு குட்டி. கறுப்பாய், பொடியாய் இருந்ததால் குட்டிக்கு எள்ளு என்று பெயர்.

எள்ளுக்கு முன்னால் பொறிச்சி இரண்டு குட்டி போட்டது. இரண்டும் தங்கவில்லை. ஒன்று அடைமழையில் விறைத்துச் செத்தது. மற்றது காய்ச்சலில் செத்தது. அதனால் எள்ளு தும்மினால்கூடப் பொறிச்சி மேய்வதை விட்டுவிட்டு ஓடி வரும்.

இப்போது அதன் கவலையெல்லாம் பால்தான். பச்சை தின்றால்தானே பால் ஊறும்? பச்சைக்கு எங்கே போக? மேய்ப்பர் தினமும் கருவேல மரங்களை உலுக்கி நெற்றுகளை உதிர்ப்பார். மந்தை அதைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. மடியில் ஒன்றும் இல்லை. எள்ளு முட்டி முட்டிப் பார்க்கும்.

"அம்மா, வரலையே!"

"வரும்டா. முட்டிக்கிட்டே இரு."

"முட்டி முட்டி எனக்குத் தலைதான் வலிக்குது!"

எள்ளுவின் விலா எலும்புகள் வெளியே தெரிய ஆரம்பித்தன. பொறிச்சிக்குத் தூக்கம் போயிற்று.

ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு சோளக்காடு இருந்தது. கதிரும் தட்டையும் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கட்டைகள் மட்டும் நின்றன. ஒரு நாள் பேருக்குத் தூறல் விழுந்தது. அதற்கே அந்தக் கட்டைகள் மறுபடி துளிர்த்துவிட்டன. சுற்றிலும் எல்லாம் கருகிக் கிடக்க, அந்த ஒரு காடு மட்டும் பச்சைப்பசேல் என்று நின்றது.

மந்தை ஓடைக்கரைக்கு வந்ததும் எல்லா ஆட்டின் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது.

"ஏய்! ஹேய்!" என்று மேய்ப்பர் குறுக்கே ஓடினார். கம்பை வீசி வீசி மந்தையை மறித்தார். பச்சை இருந்த பக்கம் விடவில்லை. முள் இருந்த பக்கம் ஓட்டினார்.

பொறிச்சி மட்டும் தலையைக் குனிந்து மெல்ல நழுவிப் பார்த்தது. கம்பு பறந்து வந்து அதன் பின்னங்காலில் விழுந்தது.

அன்று முழுக்கப் பொறிச்சி நொண்டிக்கொண்டே நடந்தது. பக்கத்தில் மொட்டைக்காதி நடந்தது. அதுவும் பொறிச்சி வயசு ஆடுதான். ஒரு காதை எப்போதோ நாய் கடித்துப் பிய்த்துவிட்டது.

"பாத்தியா மதினி, எப்படி அடிச்சுட்டாருன்னு! ஒரு வாய் பச்சைக்கு ஆசைப்பட்டது குத்தமா?"

"அவரு அடிச்சா அதுல ஏதோ இருக்கும்."

"என்ன இருக்கும்?"

"எனக்கு என்ன தெரியும்? நான் ஆடு."

"தெரியாமலேதான் தலையை ஆட்டுறியா?"

"தெரியாமலேதான் இத்தனை வருஷமா உசுரோட இருக்கேன். எல்லாம் தெரிஞ்ச கிடா ஒண்ணு நம்ம மந்தையில இருந்துச்சே, அது இப்போ எங்க?"

"உன் குட்டி வளந்து கொழுகொழுன்னு நிக்குது. நீ பேசுவ மதினி!"

மொட்டைக்காதி தன் குட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டு முன்னால் நடந்தது.

மறுநாள் உச்சி வெயிலில் மந்தை வேப்ப மர நிழலில் படுத்து அசைபோட்டது. பொறிச்சி யாரோடும் சேராமல் முள்புதர் ஓரமாகத் தனியே படுத்திருந்தது. புதருக்குள்ளிருந்து நரி எட்டிப் பார்த்தது.

"என்னக்கா, கால் நொண்டுது? மரத்துல இருந்து விழுந்துட்டியா?"

பொறிச்சி துள்ளி எழுந்தது. "கிட்ட வராத! கத்துவேன்!"

"கத்து. அவன் வருவான். வந்து இன்னொரு காலையும் ஒடிப்பான். நான் இங்கயே உக்காந்துக்கிறேன். பேசுறதுக்குப் பல்லு எதுக்கு, நாக்கு போதாதா?"

பொறிச்சி கத்தவில்லை. அது செய்த முதல் தப்பு அதுதான்.

"புல்லு இருக்கிற பக்கம் அடிக்கிறான். முள்ளு இருக்கிற பக்கம் ஓட்டுறான். நல்ல மேய்ப்பன்தான் உங்களுக்கு வாய்ச்சான்!" என்றது நரி.

"அவரு எங்களைக் காப்பாத்துறவரு."

"அப்படியா? மழையில செத்துச்சே உன் மூத்த குட்டி, அப்போ எங்க போயிருந்தாரு?"

பொறிச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"காய்ச்சல்ல செத்துச்சே அடுத்தது, அப்போ?"

பொறிச்சி குனிந்து அடிபட்ட காலை நக்கியது.

"செத்துச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லுக்கா."

"செத்துச்சு."

"அவ்வளவுதான் நான் கேட்டேன்!"

நான் பயந்தது இந்த இடத்துக்குத்தான். நரி சொன்னதில் பொய் இல்லை. குட்டிகள் செத்தது நிஜம். ஆனால் மீதியையும் சொல்ல வேண்டும் இல்லையா? மழையில் விறைத்த குட்டியை மேய்ப்பர் தன் கம்பளிக்குள் வைத்து, நெஞ்சோடு அணைத்து, விடிகிற வரை உட்கார்ந்தே இருந்தார். அப்படியும் அது செத்தது. காய்ச்சல் வந்த குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வைத்தியம் தேடி அடுத்த ஊர் வரைக்கும் நடந்தார். அப்படியும் அது செத்தது. ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி உங்களிடம் சொல்லவும் மாட்டேன்.

பொறிச்சிக்கு இது ஒன்றும் அப்போது ஞாபகம் வரவில்லை. கால் வலிக்கும்போது கம்பு மட்டும்தான் ஞாபகத்தில் நிற்கும்.

நரி குரலைத் தாழ்த்தியது. "எனக்கு உன் குட்டியைப் பாத்தாத்தான் மனசு கேக்கலைக்கா. நாளைக்குக் காலையில அவன் கிணத்துல தண்ணி இறைக்கப் போவான். அந்த நேரத்துல குட்டியைக் கூட்டிக்கிட்டு ஓடையைத் தாண்டிடு. நீ தின்னு, பால் ஊறி, அது குடிக்கிறதுக்குள்ள அதுக்கு உசுரு இருக்குமோ என்னவோ! அதுவே ரெண்டு துளிரைக் கடிக்கட்டும்."

"அவ்வளவு நல்ல துளிரா இருந்தா நீ ஏன் தின்னலை?"

"நான் என்னைக்குக்கா புல்லு தின்னேன்?" என்று நரி சிரித்தது. பொறிச்சிக்கும் லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க வைக்கிறவன் கெடுக்க மாட்டான் என்று அது நினைத்தது.

நரி புதருக்குப் பின்னால் போனது. அங்கே காக்கை ஒன்று கிளையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏன்டா, போன கோடையில அந்தக் காட்டுத் துளிரைத் தின்ன கிடேரிக் கன்னு அங்கயே சுருண்டு விழுந்து செத்துச்சே! மழையில்லாத காலத்துல கட்டையில துளிர்க்கிற சோளம் விஷமாச்சே! அங்க போயா அனுப்புற?"

"அதுக்குத்தானே அனுப்புறேன்!"

காக்கை அலகைக் கிளையில் தீட்டியது. "எனக்குக் கண்ணு ரெண்டும் கிடைக்குமா?"

"எடுத்துக்க. கண்ணுக்கு நான் ஆசைப்படுறவன் இல்லை."

காக்கை அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. நினைத்திருந்தால் பறந்துபோய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

விடிந்தது. நரி தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க, குட்டிகளை ராத்திரியில் கவிழ்த்த பெரிய கூடைக்குள் அடைத்து வைப்பது வழக்கம். மேய்ப்பர் கூடையைத் தூக்கினார். குட்டிகள் அம்மாக்களிடம் ஓடின. அவர் கம்பைச் சாய்த்து வைத்துவிட்டுக் கிணற்றுப் பக்கம் போனார்.

பொறிச்சி எள்ளுவை மூக்கால் தள்ளிக்கொண்டு கிளம்பியது.

"எங்க போற பொறிச்சி?" என்றது மொட்டைக்காதி.

"தண்ணிக்கு."

"தண்ணி இந்தப் பக்கம் இருக்கு!"

"எனக்கு அந்தப் பக்கம் இருக்கு. உன் வேலையைப் பாரு மதினி!"

இரண்டும் ஓடையைத் தாண்டின. காட்டில் கால் வைத்ததும் பொறிச்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. எத்தனை பச்சை! தனக்கும் பசி கொன்றது. ஆனாலும் வாய் வைக்கவில்லை.

"முதல்ல நீ தின்னுடா கண்ணு!"

எள்ளு ஒரு துளிரைக் கடித்தது. "அம்மா, இனிக்குது!" என்று வாலை ஆட்டியது. அடுத்தது, அடுத்தது என்று அவசர அவசரமாகத் தின்றது. அதைப் பார்க்கப் பார்க்கப் பொறிச்சிக்கு வயிறு நிறைந்தது. பிறகுதான் தானும் ஒரு வாய் கடித்தது.

"அம்மா, மூச்சு முட்டுது."

"பறக்காதடா. மென்னு தின்னு."

"இல்லம்மா..."

எள்ளுவின் கால்கள் பின்னின. அது பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. வாயில் நுரை தள்ளியது. காட்டோரத்தில் நரி வந்து உட்கார்ந்திருந்தது. மேலே காக்கை வட்டமிட்டது.

"நரி! என் குட்டியைப் பாரு! என்ன ஆச்சுன்னு பாரு!"

"பாத்துக்கிட்டுதானேக்கா இருக்கேன்!"

அப்போதுதான் பொறிச்சிக்குப் புரிந்தது. அது கத்தியது. தொண்டை கிழியக் கத்தியது. நேற்று முழுக்க மனசுக்குள் யாரை வைதுகொண்டே இருந்ததோ, அவரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. வேறு யாரைக் கூப்பிட?

மேய்ப்பர் வந்தார். ஓடையில் கிடந்த முள்ளை மிதித்துக்கொண்டே ஓடி வந்தார். காலில் செருப்பு இல்லை. ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து நரியின் மேல் எறிந்தார். எள்ளுவை மடியில் போட்டுக்கொண்டு, இடுப்புத் துணியில் முடிந்திருந்த வெல்லத்தை, கிணற்றிலிருந்து கையோடு வந்த வாளித் தண்ணீரில் கரைத்து அதன் வாயில் ஊற்றினார். ஊற்றியது கடைவாய் வழியே வழிந்து போயிற்று. மறுபடி ஊற்றினார். மறுபடி வழிந்தது.

எள்ளு செத்துவிட்டது.

மீதித் தண்ணீரைப் பொறிச்சியின் வாயைப் பிளந்து ஊற்றினார். அது ஒரு வாய்தான் கடித்திருந்தது. வெயில் ஏறுவதற்குள் அதற்கு மூச்சு சீராகிவிட்டது.

அடிப்பார் என்று பொறிச்சி கண்ணை மூடிக்கொண்டது. அடி விழவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தது. அவர் கையில் கம்பே இல்லை. அது ஓடைக்கு அந்தப் பக்கம், வைத்த இடத்திலேயே கிடந்தது. ஓடி வந்த வேகத்தில் அதை எடுக்க அவருக்குத் தோன்றவில்லை.

அவர் குழி தோண்டி எள்ளுவைப் புதைத்தார். நரி தோண்டாமல் இருக்க மேலே கல்லை அடுக்கி, முள்ளை வெட்டிப் போட்டார். உள்ளங்காலில் இருந்த முள்ளை அப்புறம்தான் பிடுங்கினார்.

கதை என்றால் இந்த இடத்தில் மழை பெய்ய வேண்டும். பெய்யவில்லை. மேய்ப்பர் அதே முள் வழியாக மந்தையை ஓட்டிக்கொண்டு நடந்தார். சில நாள் நடந்த பிறகு ஒரு பெரிய கண்மாய் வந்தது. அதன் உள்வாயில், தண்ணீர் தேங்கும் பள்ளத்தில், இன்னும் ஈரம் இருந்தது. கணுக்கால் உயரத்துக்குப் புல் இருந்தது. முதலிலிருந்தே அவர் இங்கேதான் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

மந்தை தின்றது. பொறிச்சியும் தின்றது. தின்னாமல் என்ன செய்யும்? இரண்டே நாளில் அதற்குப் பால் ஊறியது. மடி கட்டிக்கொண்டு வலித்தது. முட்டிக் குடிக்க ஆள் இல்லை. மேய்ப்பர்தான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பாலைப் பீய்ச்சிப் புல்லில் விட்டார்.

அன்று சாயங்காலம் நரி கண்மாய்க் கரையில் வந்து நின்றது. பசியில் அதன் வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. ஆனாலும் வாய் ஓயவில்லை.

"என்னக்கா, மூணாவதும் போயிருச்சே! இப்பவாவது புரிஞ்சுதா, அவன் எவ்வளவு லட்சணமா உன்னைக் காப்பாத்துறான்னு?"

பொறிச்சி தலையைத் தூக்கிப் பார்த்தது.

"முதல் ரெண்டும் ஏன் செத்துச்சுன்னு எனக்கு இன்னும் தெரியாது. அவருகிட்டக் கேக்க எனக்குப் பாஷை இல்லை. ஆனா அது ரெண்டும் சாகும்போது பக்கத்துல அவரு இருந்தாரு. மூணாவது சுருண்டு விழும்போது பக்கத்துல நீ இருந்த."

நரி வாலைக் காலுக்கிடையில் சுருட்டிக்கொண்டது. அது கரையோரமாகவே நடந்து போய்விட்டது.

புல் தீர்ந்ததும் மேய்ப்பர் மந்தையை மறுபடி கிளப்பினார். எங்கே என்று சொல்லவில்லை. முன்னால் முள்ளாகத்தான் தெரிந்தது. எப்போதும் மந்தையின் ஓரமாக நடக்கிற பொறிச்சி, அன்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவருடைய வலது கைப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

"அங்க ஏன் போற? கம்பு எட்டுற தூரமாச்சே, அடி விழுமே!" என்றது மொட்டைக்காதி.

"விழட்டும் மதினி. விழுற தூரத்துலயே இருந்துக்கிறேன்."

அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் பொறிச்சி அந்த இடத்தை விட்டு விலகி நடக்கவில்லை.

கடவுள் காரணம் சொல்லாமல் நம்மை மறிக்கும்போது வலிக்கத்தான் செய்யும், நாம் பிழைக்க வேண்டும் என்று கேட்டதெல்லாம் பிழைத்துவிடும் என்றும் இல்லை, ஆனாலும் அவர் கை எட்டாத பச்சையைவிட அவர் கை எட்டுகிற முள்ளே நமக்குப் பத்திரம்.